வலது குதிகால்

கடல் பின்வாங்கிப் போன ஊர்களில் வெள்ளைக்குறிச்சியும் ஒன்று. போகிற அவசரத்தில் கடல் தன் சாமான்களில் பாதியை அங்கேயே போட்டுவிட்டுப் போனதால், ஆடு மேய்க்கிறவர்கள் சுறாப்பல்லில் கால் குத்திக்கொள்வதும், கிணறு வெட்டுகிறவர்கள் சிப்பிப் படுகையைக் கடப்பாரையால் கெல்லித் திட்டிக்கொண்டே எறிவதும் அந்தப் பக்கத்தில் யாரும் நின்று பார்க்காத காரியங்கள். பிறகு சிமெண்ட் ஆலை வந்தது, சிப்பிகளை எல்லாம் அரைத்து மூட்டை கட்டி ஊர் ஊராக அனுப்பியது. ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் வேறெங்கும் போக மனமில்லாமல் அங்கேயே மனை வாங்கி, திருமகள் நகர் என்று பேர் வைத்துக் குடியேறினார்கள். அவர்களோடு சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் குடியேறியதால், டாக்டர் சொன்னபடி எட்டுப் போட்டு நடக்கப் பூங்காவில் ஒரு பாதை போட்டார்கள். எட்டு என்ற எண்ணைப் போலவே வளைந்து, நடுவில் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகிற பாதை. வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலைக் குத்திக் குத்தி, உள்ளே தூங்குகிற வியாதியை எழுப்பி வெளியே அனுப்பிவிடும் என்று, சுரங்கத்திலிருந்து ஒரு லாரி கிராவல் கல் கொண்டுவந்து அதில் கொட்டிப் பரப்பினார்கள். அந்தக் கிராவலோடுதான் தையல்நாயகியின் புருஷன் கலியமூர்த்தி வந்து சேர்ந்தான்.

கலியமூர்த்தி அதே சுரங்கத்தில் வெடிக்குழி போடுகிறவனாக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முந்தி ஓர் ஆனி மாதக் காலையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அன்றைக்குச் சுரங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்த சபாநாயகம், அவன் பையும் கையுமாக கேட்டைத் தாண்டிப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். திருப்பூர்க்காரி ஒருத்தியோடு பழக்கமாம் என்று அதற்கு யாரோ வால் ஒட்டினார்கள். வால் ஒட்டிய பிறகு பேச்சு தானாக ஓடியது. தையல்நாயகி பூ வைத்தால் யாருக்காக என்றார்கள். வைக்காவிட்டால், புருஷன் உயிரோடு இருக்கும்போதே அறுத்துப்போடப் பார்க்கிறாள் என்றார்கள். வளைகாப்புக்கு அழைப்பாரும் இல்லை, எழவு வீட்டில் பக்கத்தில் உட்கார வைப்பாரும் இல்லை. திருமகள் நகர்ப் பூங்காவைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, ஓடாத பழைய மோட்டார் அறையில் குடியிருந்த அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டில் ஒன்றுதான். வந்தால் அவனுக்கு ஒரு தட்டுச் சோறு, செத்திருந்தால் அவனைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர். இரண்டும் இல்லாமல் ஒரு மனுஷி எத்தனை நாளைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

கிராவலை நோக்கி முதலில் குனிந்தவர் தேவசகாயம் சார். பெரிய பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர், காலைச் சரக்கென்று குத்திய ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். அது ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஒரு கடல் பிராணியாக இருந்தது. அன்றிலிருந்து நடக்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தார். "கல்லு தன்னால உண்டானா கோணலும் மாணலுமாத்தான் இருக்கும். உயிர் இருந்த பொருளா இருந்தா அதுல ஒரு ஒழுங்கு இருக்கும். ஒரே அளவுல வரி வரியா ஓடும், இல்ல சுருளும், இல்ல இடது பக்கம் மாதிரியே வலது பக்கம் இருக்கும். மொதல்ல கண்ணால தேடு. அப்புறம் பழைய பல்லு பிரஷ்ஷால மண்ணைப் போக்கு. கடைசியா ஒரு சொட்டு வினிகர் விடு. பொங்குச்சுன்னா கடல் வளர்த்த சுண்ணாம்பு. பொங்கலைன்னா வெறும் கருங்கல்லு, தூக்கிப் போடு."

வியாதியைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் பேசிப் பேசி அலுத்திருந்தவர்களுக்கு இது புதுசாக இருந்தது. சட்டைப் பையில் லென்ஸும் இடுப்பில் வினிகர் புட்டியுமாக வந்து, நடப்பது கொஞ்சம் குனிவது நிறைய என்று, எட்டு வடிவத்தில் கோழிகள் மேய்வதுபோல மேய்ந்தார்கள். வீட்டுக் கண்ணாடி அலமாரிகளில் பேரப்பிள்ளைகளின் கோப்பைகளைத் தள்ளிவிட்டுச் சிப்பிகளும் சுறாப்பற்களும் உட்கார்ந்தன.

அப்படி ஒரு காலையில் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற ருக்மாங்கதன், ஐயோ என்று ஒற்றைக் காலில் நின்றார். குத்திய கல்லை எடுத்து சாரிடம் கொடுத்தார். சார் பிரஷ்ஷால் தேய்த்தார், லென்ஸைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார்.

"இது சங்குமில்ல, சிப்பியுமில்ல. மடல் இருக்கு, மடிப்பு இருக்கு, தொளை இருக்கு. காது. மனுஷக் காது."

வினிகர் விட்டார். பொங்கியது. கடல் காலத்துக் காது என்றார் சார். எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கு கிடைக்கிற இடத்தில் காது கிடைத்தால் என்ன, இரண்டும் சுருள்தானே என்று ருக்மாங்கதன் சொன்னது சரியாகத்தான் பட்டது.

விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்த தையல்நாயகி, "அது எங்க வீட்டுக்காரரு காதுங்க சார்" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"கீழ் மடல் ரெண்டாக் கிழிஞ்சிருக்குல்லங்க. கடுக்கன் போட்டிருந்த வயசுல கிடாக்குட்டி கடிச்சு இழுத்துடுச்சாம். மாமியா சொல்லும்."

சார் இன்னொரு தரம் பார்த்தார். கிழிசல் இருந்தது. கிழிசலுக்கு மேலே அரிசி அளவுக்கு ஒரு சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தது. "இந்தச் சிப்பி பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தினது தையலு. அப்ப இங்க கடல் இருந்துச்சு. அந்தக் கடலுக்கு அடியில கிடந்தாத்தான் இது ஒட்டியிருக்கும்."

"அவருக்கு நீச்சல் தெரியாதுங்களே சார்" என்றாள் தையல்நாயகி.

"பரவால்ல, இத்தன நாளா நாம பேசினது பூரா கேட்டுக்கிட்டுத்தான் கெடந்திருக்கான்" என்றார் ருக்மாங்கதன். எல்லாரும் சிரித்தார்கள்.

சபாநாயகம் சிரிக்கவில்லை. அவர்தான் இப்போது திருமகள் நகர்ச் சங்கத்துக்குத் தலைவர். குரலை உயர்த்தாதவர், யாரையும் அம்மாடி, ஐயா என்று இழைத்துப் பேசுகிறவர். காதை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல அசைத்தார். "அவன் திருப்பூர்ல இல்ல இருக்கான்" என்றார் மெதுவாக.

அன்று முழுக்க நகரில் அதே பேச்சு. அன்று சாயங்காலத்துக்குள் திருமகள் நகர் அந்தக் காதைத் தன் வயிற்றுக்குள் போட்டுச் செரித்துக்கொண்டது. மனுஷன் கல்லாக மூன்று வருஷம் போதுமா என்று கேட்டதற்கு, கலியமூர்த்தி எதையும் அவசரமாகச் செய்கிறவன்தானே, திரி பற்றுமுன்னே ஓடுகிறவன் என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். சுரங்கத்துக் கல்லில் அவன் எப்படி வந்தான் என்று ஒரே ஒருத்தர் கேட்டார். அதற்குச் சபாநாயகமே பதில் சொன்னார். "சார் கணக்குப்படி இது பத்துக் கோடி வருஷத்துக் காது. ஆலை வந்து நாப்பது வருஷம் ஆகலை. ஆலை வர்றதுக்கு முன்னாலயே செத்தவனுக்கு ஆலை எப்படிய்யா பொறுப்பாகும்?" கேட்டவர் யோசித்துப் பார்த்து, ஆமாம், ஆகாது என்றார். காரணம் தேடுவது அத்தோடு முடிந்தது. மீதி இருந்தது கலியமூர்த்திதான்.

அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தான். ஜல்லி உடைக்கிற யந்திரத்தில் புகுந்து வந்தவன் என்பதால் முழங்கால் சில்லு ஓரிடம், விரல்கள் ஓரிடம், விலா எலும்பு ஓரிடம் என்று எட்டு முழுக்க இறைந்து கிடந்தான். கிடைத்ததை எல்லாம் கிடைத்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். முழங்கால் சில்லு ஒரு வீட்டில் சாவி போட்டு வைக்கிற கிண்ணமானது. சுட்டுவிரல் ஒரு வீட்டில் காலண்டர் காற்றில் ஆடாமல் இருக்கத் தொங்கியது. தோள்பட்டை ஒரு வீட்டு வாசலில் கதவுக்கு முட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தையல்நாயகி போய் நின்று, குடுத்துடுங்கம்மா, சேத்து வச்சு ஒரு குடம் சுத்தி அனுப்பிடறேன் என்று கேட்டாள்.

கொடுக்க யாருக்கும் மனமில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்போதுதான் சபாநாயகம் முறை சொன்னார்.

"எங்க ஊர்ல எங்க அப்பாருதான் பவுண்டு பாத்தவரு. வழி தப்பின மாடு, அடுத்தவன் பயிர்ல மேஞ்ச மாடு எல்லாத்தையும் அடைச்சு வைக்கிற பட்டி. எம் மாடுன்னு எவன் வந்தாலும் உடனே காட்டமாட்டாரு. அடையாளம் சொல்லுன்னுவாரு. சுழி எங்க, தழும்பு எங்க, கொம்பு எப்படி, பாக்காம சொல்லணும். சரியாச் சொன்னா ஓட்டிக்கிட்டுப் போகலாம். ஒண்ணு தப்பாச் சொன்னாலும், இல்ல அடுத்தவன் மாட்ட எம் மாடுன்னு சொன்னாலும், அவனுக்கு அந்த மாடும் கிடையாது, அதுவரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போன மாட்டையும் திருப்பிக் கட்டணும். தன் மாட்டைத் தெரியாதவனுக்கு மாடு எதுக்கு? நாமளும் அப்படியே செய்வோம் அம்மாடி. உனக்கும் நியாயம், அவங்களுக்கும் நியாயம்."

நியாயம் என்ற சொல் எல்லாருக்கும் பிடித்திருந்தது. தையல்நாயகிக்கும் பிடித்திருந்தது, அவளுக்கு அவனைத் தெரியும், நகத்துக்கு நகம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பூங்காவின் சிமெண்ட் பெஞ்சில் ஒரு கல்லை வைத்து, மாட்டுத் தரகர்கள் விலை பேசும்போது கையை மறைப்பதுபோல, அதன்மேல் துண்டைப் போட்டு மூடுவார்கள். எந்த உறுப்பு என்று மட்டும் சபாநாயகம் சொல்வார். அவள் அடையாளம் சொல்வாள். துண்டை எடுப்பார்கள். சுட்டுவிரல் என்றார், நகம் நடுவில் பிளந்து இரட்டையாக வளர்ந்திருக்கும், சுத்தியல் பட்டது என்றாள். இருந்தது. முழங்கால் என்றார், மாரியம்மன் தேர் வடம் இழுக்கையில் விழுந்து சிராய்த்த தழும்பு, வேப்பிலை மாதிரி இருக்கும் என்றாள். இருந்தது. துண்டில் முடிந்து கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

முதலில் நாலைந்து பேர்தான் பார்க்க வந்தார்கள். பிறகு சுண்டல் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு நாற்காலி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அடையாளம் மட்டும் போதவில்லை, அது எப்படி வந்தது என்று கேட்டார்கள். எப்படி வந்தது மட்டும் போதவில்லை, அப்போது அவன் என்ன சொன்னான், நீ என்ன சொன்னாய் என்று கேட்டார்கள்.

"சுத்தியல் பட்டுச்சுன்னா அவ்வளவுதானா? யார் மேல இருந்த கோவத்துல பட்டுச்சு?"

"கோவம் ஒண்ணுமில்லீங்கம்மா."

"போன வாரம் முதுகுக்குச் சொன்னியே, அது நல்லாயிருந்துச்சு. இந்த வாரம் சொரத்தே இல்ல" என்று ஒரு அம்மாள் முறுக்கைக் கடித்தாள்.

தோள்பட்டை வந்த ஞாயிற்றுக்கிழமை, பல் பதிந்த தடம் இருக்கும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். யார் பல் என்றார்கள். என் பல்தாங்க என்றாள். கூட்டம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது. சபாநாயகம் துண்டின்மேல் கை வைத்துக்கொண்டு, "சங்கடமா இருந்தா விட்டுடலாம் அம்மாடி, கல்லு இங்கயே இருக்கட்டும்" என்றார். அவள் சொன்னாள். பிரசவ வலியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவுக்குள், கத்தினால் குழந்தைக்கு ஆகாதென்று அவன் தோளைக் கடித்துக்கொண்டே போனதையும், ரத்தம் வந்தும் அவன் தோளை எடுக்காததையும், ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை அழாமல் பிறந்ததையும், அழாத குழந்தைக்கும் சேர்த்து அவன் தெருவில் நின்று அழுததையும் சொன்னாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். துண்டை எடுத்தார்கள். தடம் இருந்தது.

ருக்மாங்கதன் லென்ஸை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பல்லு கூடுதலா இருக்கே தையலு. திருப்பூர்க்காரியும் கடிச்சிருப்பாளோ?" என்றார். மூக்கைச் சிந்தியவர்களும் சிரித்தார்கள். தையல்நாயகி கல்லை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். அது அவளுக்கு வேண்டியிருந்தது. சிரிப்பு அதோடு வந்தால் வரட்டும்.

மோட்டார் அறையில், கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைத் தரையில் விரித்து, கிடைத்ததை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். தலைப்பக்கம் காது, அப்புறம் நிறையத் தரை, அப்புறம் தோள், அப்புறம் தரை, விலா, விரல்கள். வாரம் செல்லச் செல்லத் தரை குறைந்து கலியமூர்த்தி கூடினான். காலையில் எழுந்ததும் தரை எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று பார்ப்பாள். பொங்கல் கழிந்து மாசி பிறந்தபோது ஓர் இடம்தான் தரையாக இருந்தது. வலது குதிகால்.

கையில்லாதவனை அனுப்பிவிடலாம், கண்ணில்லாதவனையும் அனுப்பிவிடலாம், காலில் குறையிருந்தால் போகமாட்டான், குறைப்பட்ட காலைத் தேடி வீட்டைச் சுற்றியே வருவான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் அவள் எட்டு முழுக்க விரலால் சலித்தாள். வீடு வீடாகக் கேட்டாள். இல்லை என்றார்கள், உண்மையாகவே பல பேரிடம் இல்லை. அது சபாநாயகம் வீட்டுக் குளியலறையில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. சொரசொரப்பாக, கைக்கு அடக்கமாக இருக்கிறதென்று அவர் மனைவி வேதவல்லி அம்மாள் முதல் வாரமே பூங்காவிலிருந்து எடுத்து வந்து, தினமும் அதை வைத்துத் தன் குதிகாலைத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நிற்க இடமில்லை. சபாநாயகம் துண்டைப் போட்டு மூடிவிட்டு, "கிடைச்சிடுச்சு அம்மாடி. வலது குதிகால்" என்றார்.

தையல்நாயகி கையைக் கூப்பிக்கொண்டாள். "ஏரிக்கரையில சாராய பாட்டிலு ஏறிப் பெரிய காயமுங்க. ஆறினதும் மூணாம்பிறை மாதிரி வளைஞ்சு ஒரு தழும்பு நின்னுச்சு. நடந்தா ஈரத்தரையில அந்தப் பிறையும் விழும். அத வச்சே வந்தது அவருதான்னு கண்டுபிடிப்பேன்."

துண்டை எடுத்தார். குதிகால்தான். உருண்டு, அழகாக, வழவழவென்று இருந்தது. பிறை இல்லை.

"பிறையைக் காணோமே அம்மாடி" என்றார் சபாநாயகம், அவளுக்காக வருத்தப்படுகிறவர் போல. "அவசரப்படாத. கையில எடுத்துப் பாரு. உன்னுது இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு, வச்சிடலாம். அடையாளம் தப்பினத யாரும் பெருசு பண்ண வேண்டாம்னு நானே சொல்றேன்."

அவள் எடுத்துப் பார்த்தாள். தொட்ட உடனே தெரிந்துவிட்டது. அதில் அவன் இல்லை. எந்த மனுஷனும் இல்லை. ஆனால் அளவு சரியாக இருந்தது. சேலையில் இன்னும் தரையாக இருக்கிற அந்த ஓர் இடத்தில் அது கச்சிதமாக உட்காரும். உட்கார்ந்தால் நாளைக்குக் குடம் எடுக்கலாம், நாளை மறுநாள் நெற்றியைத் துடைத்துவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கலாம். இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த பெஞ்சுக்கு முன்னால் நிற்க வேண்டாம். போகிறவன் அது யார் கால் என்று பார்க்கவா போகிறான்.

"இதுதாங்கய்யா" என்றாள். "இத்தனை பேரு நடந்திருக்கீங்க. பிறை தேஞ்சு போயிருக்கும்."

"தேஞ்சு போயிருக்கும்" என்று கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார் சபாநாயகம். "சார், ஒரு சொட்டு விடுங்க."

தேவசகாயம் சாருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போலப் புட்டியைத் திறந்து ஒரு சொட்டு விட்டார். கல் சும்மா இருந்தது. இன்னொரு சொட்டு விட்டார். துளி கண்ணீர் மாதிரி உருண்டு பெஞ்சில் விழுந்தது.

"சார்?"

சார் தையல்நாயகியைப் பார்க்காமல் புட்டியை மூடினார். "பொங்கலை. கருங்கல்லு."

"பெருமாள் கோயில் வேலைக்கு வந்திருக்கிற சிற்பிகிட்டச் சொல்லிச் செதுக்கச் சொன்னேன்" என்றார் சபாநாயகம். "இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் மெய்யா, மனசுல தோணினதா, அதை நாம தெரிஞ்சுக்க வேண்டாமா? உன்னுது இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுன்னு கூட நான் சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க."

எல்லாரும் கேட்டிருந்தார்கள். அப்படியானால் ஆட்டோவில் கடித்ததும் பொய்யா என்று ஓர் அம்மாள் கோபப்பட்டாள்; தான் அழுத அழுகையைத் திருப்பிக் கேட்பவள் போல இருந்தது அவள் முகம். ருக்மாங்கதன், "கருங்கல்லோடவும் குடும்பம் நடத்தியிருப்பா போலிருக்கே" என்றார். இந்தத் தடவை அவருக்கே சிரிப்பு வரவில்லை, மற்றவர்களுக்கு வந்தது. முறை முறைதான் என்று நாற்காலிகளை மடக்கிக்கொண்டு, மோட்டார் அறைக்குப் போய், கலியமூர்த்தியைச் சேலையோடு நாலு மூலையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அவள் தடுக்கவில்லை. தூக்குகிறபோது தலைப்பக்கம் தாழ்ந்துவிடாமல் கூடவே ஒரு கையால் தாங்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாளே மேஸ்திரி வந்தார். கிராவல் அடிக்கடி கலைகிறது, ஆள் ஆளுக்குப் பொறுக்குகிறார்கள் என்று எட்டு முழுக்கச் சிமெண்ட் கலவை போட்டு, அந்த ஈரத்தில் கற்களை வரிசையாகப் பதித்தார்கள். சிப்பியும் சங்கும் வந்த இடத்தில் காதும் விரலும் வந்தன. கருங்கல் குதிகாலையும் பதித்தார்கள், குத்துவதற்கு அது நன்றாக இருந்தது.

பதித்த கலவை இறுகி, காலையில் மறுபடி எல்லாரும் அவன்மேல் நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் வேதவல்லி அம்மாள் மோட்டார் அறை வாசலுக்கு வந்தாள். கையில் பேப்பரில் சுற்றிய ஒன்று.

"இந்தா, இது உன்னுதா பாரு. எங்க வீட்டுல கெடந்துச்சு. புதுசா பிளாஸ்டிக்ல பிரஷ் வந்திருக்கு, நல்லாத் தேய்க்குது, இது இனிமே எதுக்கு" என்றாள். தையல்நாயகி பிரித்துப் பார்க்கும்போதே அம்மாள் தொடர்ந்தாள். "மொதல்ல அதுல ஒரு கோடு வளைஞ்சு இருந்துச்சுடி. தேய்க்கறப்ப கூசும். சிரிப்புக்கூட வந்துடும். அப்புறம் தேஞ்சு போச்சு." திரும்பிப் போகும்போது, "அவருகிட்டச் சொல்லாத" என்றாள்.

சோப்புக்கட்டி போலத் தேய்ந்திருந்த அதைத் தையல்நாயகி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். தொட்ட உடனே தெரிந்துவிட்டது. அதில் அவன் இருந்தான்.

மறுநாள் காலை, எல்லாரும் நடந்துகொண்டிருக்கும்போதே, குயவர் தெருவிலிருந்து வாங்கி வந்த மண்குடத்தில் தண்ணீர் நிரப்பி, குதிகாலை அதற்குள் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். அறுவாளின் மூக்கால் குடத்தில் ஓர் ஓட்டை போட்டாள். தண்ணீர் நூலாக விழுந்தது. செத்தவனை இடமாகச் சுற்ற வேண்டும். அவள் இடமாகச் சுற்றத் தொடங்கினாள். ஆனால் பாதை எட்டாக இருந்தது. முதல் வளையத்தை இடமாகச் சுற்றி நடுவில் வெட்டிக்கொள்கிற இடத்துக்கு வந்தால், அடுத்த வளையம் அவளை வலமாகச் சுற்ற வைத்தது. செத்தவனுக்குச் சுற்றியதைச் சாமிக்குச் சுற்றுவது அழித்தது. மறுபடி இடம், மறுபடி வலம். குடத்துக்குள் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் டக், டக் என்று அவளோடு நடந்து வந்தது. பின்னால் வந்தவர்களுக்குச் சுடாத கல்லில் கால் வைக்க இதமாக இருந்தது.

"இது நல்ல யோசனையா இருக்கே" என்றார் ருக்மாங்கதன். "தெளிச்சா குளிச்சியா இருக்கு. தெனம் தெளிக்கச் சொல்லலாம்."

மூன்றாம் சுற்று முடிகிற இடத்தில், எட்டின் நடுவில், அவள் பின்புறமாகத் திரும்பி நின்று குடத்தைத் தோளிலிருந்து விட்டாள். குடம் உடைந்தது. ஒரு கணம் எல்லாக் கால்களும் நின்றன. தண்ணீர் கல்லுக்குக் கல் தேடி ஓடி, காது இருந்த குழியில் கொஞ்சம் தேங்கியது. ஓடுகளுக்கு நடுவே குதிகால் ஈரமாகக் கிடந்தது.

சபாநாயகம் அதைப் பார்த்தார். குனிந்து எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"அது எங்க வீட்டுக் கல்லு. அடையாளம் சொல்றேன். ஒரு ஓரத்துல மஞ்சக்கறை இருக்கும், என் வீட்டுக்காரி மஞ்சள் தேய்ச்சுக் குளிக்கிறவ. இன்னொரு பக்கம் சின்னதா சில்லு பேந்திருக்கும், தீபாவளி அன்னைக்கு எண்ணெய்க் கையோட தவறவிட்டா. அடியில வழவழன்னு இருக்கும், ஒரு கோடும் இருக்காது. சார், எடுத்துப் பாருங்க."

சார் எடுத்துப் பார்த்தார். மஞ்சள் இருந்தது. சில்லு பெயர்ந்திருந்தது. ஒரு கோடும் இல்லை. கூட்டத்தில் வேதவல்லி அம்மாளும் இருந்தாள். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அடையாளம் சொல்றியா தையலு?" என்றார் சார், மெல்ல. கேட்பதற்கு முறை இல்லை, இருந்தும் கேட்டார்.

தையல்நாயகி அந்தக் கல்லையே பார்த்தாள். சொல்ல நிறைய இருந்தது, கல்லில் ஒன்றும் இல்லை.

"பாக்காம சொன்னேன், எல்லாரும் பாத்தீங்க" என்று சபாநாயகம் கல்லை வாங்கி வேட்டி மடியில் சொருகிக்கொண்டார். முறை முறைதான் என்றார்கள். "ஓடெல்லாம் பொறுக்கிடு அம்மாடி, நடக்கிறவங்க கால்ல ஏறிடும்."

அவள் உட்கார்ந்து ஒவ்வோர் ஓடாகப் பொறுக்கினாள்.

வெயில் ஏறுகிற பங்குனியில் சங்கம் கூடி, காலையில் பாதைக்குத் தண்ணீர் தெளிப்பது கால்களுக்கு நல்லது என்று முடிவு செய்து, அவளுக்கு ஒரு குடம் வாங்கிக் கொடுத்தது. நீலநிற பிளாஸ்டிக் குடம், அடியில் கம்பியைச் சுட்டு வைத்து ஓட்டை போட்டது. தினமும் விடிந்ததும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போக, திருமகள் நகர் ஈரக் கல்லில் கால் பதித்துப் பின்னால் வருகிறது. இடமாக ஒரு வளையம், வலமாக ஒரு வளையம். யாராவது, "சித்த வேகமா நட தையலு" என்பார்கள். தண்ணீர் தீர்ந்து எட்டின் நடுவுக்கு வந்ததும் அவள் பின்புறமாகத் திரும்பி நின்று குடத்தை விடுவாள்.

குடம் துள்ளும், உருளும், வீடு தெரிந்த மாடு மாதிரி அவள் காலடிக்கே வந்து நிற்கும்.